புதுச்சேரிக்குப் போகிறீர்களா? ஜாகை எங்கே?

வருஷத்தில் 365 நாளும் அடுப்பங்கரையைச் சுற்றி வருகிறவளுக்கு இரண்டு நாள் கடற்காற்று வாங்கவேண்டும் என்று தோன்றுவது பெரிய குற்றமல்ல. ஆகவே ஒரு நாள் ராத்திரி, வீட்டுக்காரர் ரசஞ்சாதம் வரை திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் நல்ல நேரமாகப் பார்த்து, "புதுச்சேரிக்கு ஒரு நடை போய்விட்டு வரலாமா?" என்று மெதுவாகக் கேட்டு வைக்கிறீர்கள். அவரும் "ஆஹா, அதற்கென்ன!" என்கிறார். குழந்தைகள் குதிக்கிறார்கள். மாமியார்கூட, "மணக்குள விநாயகரைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு!" என்கிறார்.

பிறகு அவர் போனை எடுத்துக் கடற்கரைக்கு அருகே அறை வாடகை என்ன என்று பார்க்கிறார். பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்க்கிறார். "ஒரு ராத்திரிக்கா? படுத்துத் தூங்குவதற்கா?" என்கிறார். அவ்வளவுதான். பேச்சு கரண்ட் பில்லுக்கும் ஸ்கூல் பீஸுக்கும் தாவிவிடுகிறது. நீங்கள் பால் பாத்திரத்தைக் கழுவப் போய்விடுகிறீர்கள்.

இது உங்கள் வீட்டில் நடக்கவில்லை என்றால் அடுத்த வீட்டில் நடந்திருக்கும். எங்கள் வீட்டில் நடந்தது. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

பஸ் டிக்கெட்டுக்குப் பயந்து யாரும் பிரயாணத்தை நிறுத்துவதில்லை. சாப்பாட்டுக்குப் பயந்தும் நிறுத்துவதில்லை. புளியோதரை கட்டிக்கொண்டு போகத் தமிழ்நாட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. பிரயாணத்தை நிறுத்துவது ஜாகைதான். ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறோம். ஆனால் அந்த ஊரின் மிக விலை உயர்ந்த நாலு தெருவில்தான் தூங்கவேண்டும் என்று நம்மை அறியாமலே தீர்மானம் செய்துவிடுகிறோம். பார்க்கிற இடம் ஒன்று, படுக்கிற இடம் இன்னொன்று என்று பிரித்துப் பார்த்தால் கணக்கே மாறிவிடுகிறது.

இதை நாங்கள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். முதல் தடவை, சனிக்கிழமை சாயங்காலம், முன்பதிவு ஒன்றும் இல்லாமல் போய் இறங்கினோம். இரண்டு குழந்தைகள், மாமியார், மூன்று பை, ஒரு கூஜா. ஏறி இறங்கிய லாட்ஜுகளில் எல்லாம் "ரூம் இல்லை" என்ற ஒரே மந்திரம். கடைசியில் ஓர் இடத்தில் கிடைத்தது. அதன் கீழ்த்தளத்தில் மதுக்கடை இருக்கிறது என்பதை மூட்டை முடிச்சுகளை மாடிக்குக் கொண்டுபோன பிறகுதான் கவனித்தோம். ராத்திரி ஒரு மணி வரையில் கீழே பாட்டும் கூச்சலும். மாமியார் கட்டிலில் உட்கார்ந்தபடியே விநாயகர் அகவல் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் கொடுத்த வாடகையோ, எங்கள் வீட்டு ஒரு மாத மளிகைச் செலவு.

"உறவுக்காரர் வீட்டில் தங்கலாமே?" என்று கேட்பீர்கள். தங்கலாம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உறவுக்காரர் வீட்டில் தங்கினால் புருஷர்களுக்கு லீவு; குழந்தைகளுக்கு லீவு; பெண்களுக்கு மட்டும் அடுப்பு மாறுகிறது, அவ்வளவுதான். நம் வீட்டு அடுப்பை விட்டுவிட்டு நாத்தனார் வீட்டு அடுப்புக்குப் போகிறோம். அவளும் பாவம், நாம் வரும் இரண்டு நாளும் அவளுக்கு இரட்டை வேலை. வெறுங்கையோடு போகவும் முடியாது. பழம், ஸ்வீட், குழந்தைக்குச் சட்டை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் சுமாரான லாட்ஜ் வாடகை வந்துவிடும். உறவைப் பார்க்கப் போவது வேறு. ஊரைப் பார்க்கப் போவது வேறு.

சரி, விஷயத்துக்கு வருவோம். புதுச்சேரியின் அமைப்பை ஒரு நிமிஷம் மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதிப் பணம் மிச்சம். கிழக்கே கடல். கடலை ஒட்டிப் பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த பகுதி. 'ஒயிட் டவுன்' என்று இப்போது எல்லாரும் சொல்வது அதைத்தான். அதற்கு மேற்கே வடக்குத் தெற்காக ஒரு பெரிய வாய்க்கால் ஓடுகிறது. வாய்க்காலுக்கு மேற்கே தமிழர்கள் வாழ்ந்த தெருக்கள். 1761-ல் ஆங்கிலேயர் இந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்ததும், பழைய தெருக் கோடுகளின் மேலேயே மறுபடியும் கட்டினார்கள். கோடு போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி நேர்த் தெருக்கள். வழி தவறவே தவறாது.

மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியுமாகப் படங்களில் நீங்கள் பார்க்கும் வீடுகள் எல்லாம் வாய்க்காலுக்குக் கிழக்கே இருப்பவை. பல வீடுகள் இப்போது ஹோட்டல்கள். விலை ஏறுவது அங்கேதான். வாய்க்காலைத் தாண்டி மேற்கே நாலு தெரு வந்துவிட்டால் வாடகை இறங்க ஆரம்பிக்கிறது. ஆனால் கடல் அதே கடல்தான். ஊரின் மேற்கு எல்லை போல இருக்கும் அண்ணா சாலையிலிருந்து புறப்பட்டு, வேடிக்கை பார்த்துக்கொண்டு நிதானமாக நடந்தாலும் அரை மணிக்குள் கடற்கரையில் நிற்கலாம். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரையில் வண்டிகளை விடுவதில்லை. அந்த நேரத்தில் ஹோட்டல்காரர் வீட்டுச் சீமாட்டியும் நீங்களும் ஒன்றாகத்தான் நடக்கவேண்டும்.

மேற்குப் பக்கம் என்றால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால் பார்க்கவேண்டிய பக்கமே அதுதான். நேரு வீதியும் பெரிய மார்க்கெட்டும் அங்கே இருக்கின்றன. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய வீடு அங்கே இருக்கிறது. 1908-ல் பிரிட்டிஷ் போலீஸிடமிருந்து தப்பி வந்த பாரதியார் 1918 வரையில் பத்து வருஷம் இந்த ஊரில் இருந்தார். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீடு ஒன்று இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது. அவருக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த செட்டியார் ஒருவர், 'விளக்கெண்ணெய்ச் செட்டியார்' என்று ஊரில் பெயர், வாடகை கேட்க வந்து, பாட்டைக் கேட்டு நின்று, வாடகையைக் கேட்காமலே திரும்பிப் போவாராம். அப்படிப்பட்ட செட்டியார் இப்போது கிடைக்கமாட்டார். பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடு இருக்கிறது. எல்லாம் வாய்க்காலுக்கு மேற்கே.

இங்கே அறை பார்க்கும்போது பெண்கள் போனில் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. இதைப் புருஷர்களிடம் விடாதீர்கள். அவர்கள் "ஏ.சி. இருக்கிறதா, டி.வி. இருக்கிறதா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். நீங்கள் முதலில், கட்டடத்தில் பார் இருக்கிறதா என்று கேளுங்கள். புதுச்சேரியில் மது விலை குறைவு. அதற்காகவே சனி ஞாயிறுகளில் வருகிற கூட்டம் தனி. அடுத்தபடி, வாடகை 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில் ஒரு நாள் வாடகையே மிச்சமாகும். காலை ஆறு மணிக்குப் போய் இறங்குகிறவர்களுக்கு 24 மணி நேரக் கணக்கு லாபம். மற்றதில் பகல் 12 மணிக்குக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். கூடுதல் மெத்தைக்குத் தனிக் காசா, வெந்நீர் எத்தனை மணிக்கு, மூன்றாம் மாடி என்றால் லிப்ட் உண்டா என்பதும் முக்கியம். மூட்டு வலிக்கார மாமியாரை அழைத்துப் போகிறவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை வேண்டும். உங்கள் அட்டையை வீட்டிலேயே பீரோவில் பூட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். வரி என்ன என்றும் கேட்டுவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்கு மேலே போனால் 18 சதவீதம். அது நமக்கு வேண்டாத கவலை.

ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமம் நடத்தும் விடுதிகள் சில இருக்கின்றன. சுத்தம், அமைதி இரண்டுக்கும் பெயர் போனவை. கடலைப் பார்த்த விடுதிகூட உண்டு. ஆனால் நிபந்தனைகளும் உண்டு. புகை, மது கூடாது. இரவு குறிப்பிட்ட நேரத்துக்குமேல் கதவை மூடிவிடுவார்கள். நமக்கு இவை நிபந்தனைகளா, சௌகரியங்களா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்! பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகிய தரிசன நாட்களை ஒட்டி மட்டும் முயற்சி செய்யவேண்டாம். வெகு தூரத்திலிருந்தெல்லாம் பக்தர்கள் வந்து நிறைந்துவிடுவார்கள்.

இன்னும் சற்று வெளியே போனால் முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம், வில்லியனூர். குடும்பங்கள் வாழும் இடங்கள். காலையில் கோலம் போடும் தெருக்கள். வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயிலும் லூர்து மாதா கோயிலும் இருக்கின்றன. ரயில் நிலையமும் இருக்கிறது. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். இங்கே ஒரு வேடிக்கை. கோட்டக்குப்பம் புதுச்சேரியே அல்ல, தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். ஆரோவில்லின் பெரும் பகுதியும் அப்படியே. 'பாண்டிச்சேரி பீச்' என்று போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறவர்களில் எத்தனையோ பேர் விழுப்புரம் மாவட்டத்து மணலில் நின்று எடுத்துக்கொண்டவர்கள்!

மாவட்டத்தின் பேச்சு வந்ததால் சொல்கிறேன். இரண்டாம் தடவை நாங்கள் ஜாகை போட்டது புதுச்சேரியிலேயே அல்ல. விழுப்புரத்தில்.

முகத்தைச் சுளிக்காதீர்கள். "விழுப்புரத்தில் என்ன இருக்கிறது?" என்று என் கணவரும் கேட்டார். ஜங்ஷன் இருக்கிறது. சென்னை எழும்பூரிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். திருச்சி, மயிலாடுதுறை, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி என்று எந்தப் பக்கத்திலிருந்தும் ரயில் வந்து சேருகிறது. அங்கிருந்து புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர். ரயில் நாளொன்றுக்குச் சிலதான். நேரம் பார்த்து வைத்துக்கொண்டால் குழந்தைகளுக்கு அதுவே வேடிக்கை. பஸ் அடிக்கடி உண்டு. ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக ஏற்பட்ட ஊர் அல்ல விழுப்புரம். கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ், கல்யாணம், வியாபாரம் என்று காரியமாக வருகிறவர்கள் தங்கும் ஊர். ஆகவே சனி ஞாயிறு வந்தால் வாடகை துள்ளுவதில்லை.

ஆனால் கணக்குப் போடாமல் கிளம்பவேண்டாம். ஓர் உதாரணம். புதுச்சேரியில் அறை 4,000 ரூபாய், விழுப்புரத்தில் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (நீங்கள் போனில் விசாரித்த தொகையை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.) வித்தியாசம் 2,800. நான்கு பேருக்குப் போக வர பஸ்ஸுக்கு 320, ஆட்டோவுக்கு 300 என்றால் மிச்சம் 2,180. ஒரு நல்ல சாப்பாடும் சுங்குடிப் புடவையும் அதில் அடங்கும். அப்படியானால் விழுப்புரம் சரி. ஆனால் வாய்க்காலுக்கு மேற்கே 2,000 ரூபாய்க்கு ஒழுங்கான அறை கிடைக்கிறது என்றால்? வித்தியாசம் 800, பஸ்ஸும் ஆட்டோவும் போக மிச்சம் 180. நூற்றெண்பது ரூபாய்க்காகத் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரி பஸ்ஸுக்கு நிற்பது சிக்கனம் அல்ல, பிடிவாதம். சூரியோதயத்தைக் கடலில் பார்த்தே தீரவேண்டும் என்கிறவர்களுக்கும் விழுப்புரம் சரிப்படாது. வயதானவர்களை வைத்துக்கொண்டு ஒரே ஒரு நாளுக்குப் போகிறவர்களுக்கும் சரிப்படாது. இரண்டு ராத்திரி, மூன்று பகல் என்றால்தான் அதன் அருமை தெரியும்.

விழுப்புரத்திலும் நாள் பார்க்கவேண்டும். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து திருநங்கைகள் வந்து கூடுகிறார்கள். அந்த நாட்களில் விழுப்புரத்து லாட்ஜுகளில் இடம் இராது. மற்றப் பௌர்ணமிகளில் திருவண்ணாமலைக் கிரிவலக் கூட்டம். அமாவாசை ராத்திரி மேல்மலையனூர் அங்காளம்மன் கூட்டம். பஸ்ஸில் கால் வைக்க முடியாது. பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் நாம் ஒன்றும் செய்வதில்லை, இதற்கும் பார்த்துவிடுங்கள்.

தனியாகப் போகும் பெண்களுக்கு ஒரு சமாச்சாரம். தமிழ்நாடு அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்காக நடத்தும் 'தோழி' விடுதிகளில் ஒன்று விழுப்புரத்தில் இருக்கிறது. சில நாட்களுக்கு மட்டும் தங்க வருகிறவர்களுக்கும் இந்த விடுதிகளில் இடம் கொடுக்கிறார்கள். முன்கூட்டிக் கேட்டுப் பதிவு செய்துகொள்ளவேண்டும்.

சென்னையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் விழுப்புரம் வரையில் போகவேண்டியதுகூட இல்லை. 125 கிலோமீட்டரில் திண்டிவனத்திலேயே இறங்கிவிடலாம். அங்கிருந்தும் புதுச்சேரி நாற்பது கிலோமீட்டருக்குள்தான். அருகே மயிலம் முருகன் இருக்கிறார். திருவக்கரையில் வக்கிரகாளியையும், மரங்கள் கல்லாகிக் கிடக்கும் பூங்காவையும் பார்த்துக்கொண்டே புதுச்சேரிக்குப் போகலாம்.

இந்த யுக்தி நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. இத்தாலியில் வெனிஸ் என்ற நகரம் தண்ணீரில் மிதக்கிறதே, அங்கே ஒரு நாள் பார்க்க வருகிறவர்களிடம்கூட 2024 முதல் சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். கெட்டிக்காரப் பிரயாணிகள் எதிர்க்கரையில் மெஸ்த்ரே என்ற இடத்தில் அறை எடுத்துக்கொண்டு, பத்து நிமிஷ ரயிலில் வெனிஸுக்குப் போய் வருகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் சென்னையில் தியாகராய நகருக்கு ஜவுளி எடுக்க வருகிறவர்கள் ரயில் பாதையைக் கடந்து மேற்கு மாம்பலத்தில் தங்கினால் போதாதா? ரங்கநாதன் தெருவுக்கு மேம்பாலம் ஏறி இறங்கவேண்டியதுதான். ஒரு வாய்க்கால், ஒரு ரயில் பாதை, ஒரு கடற்கழி. அதன் இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை.

விழுப்புரத்தில் தங்கியதில் எங்களுக்குக் கணக்கில் வராத ஒரு லாபம் கிடைத்தது. அதுதான் மண்டகப்பட்டு.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் சுமார் 20 கிலோமீட்டரில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் சிறு கிராமம். மல்லாட்டையும் நெல்லும் விளையும் பூமி. அங்கே ஒரு பாறையைக் குடைந்து ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் ஒரு கோயில் செய்திருக்கிறான். முகப்பில் பருத்த தூண்கள். இரண்டு கோடியிலும் ஆளுயரத்துக்கு மேல் துவாரபாலகர்கள். உள்ளே பின் சுவரில் மூன்று அறைகள், பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும். மூன்றும் இப்போது காலி. செங்கல், மரம், உலோகம், சுதை என்ற நாலும் இல்லாமல் விசித்திரசித்தன் என்ற அரசன் இதை அமைத்தான் என்று அங்கே கல்வெட்டே சொல்கிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப் பெயர்களில் ஒன்று. வீடு கட்டுகிறவர்கள் யாராவது உடன் வந்தால் இந்தக் கல்வெட்டை அவர்களுக்குக் காட்டவேண்டாம், பெருமூச்சு விடுவார்கள். பல்லவர் குகைகளை ஆராய்ந்த ஜூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். புதுச்சேரிக்காரர்கள் இந்தப் பக்கம் வந்ததற்கு முன்மாதிரி உண்டு!

அதே சுற்றில் தளவானூர்க் குகைக்கோயிலும், பார்வதியின் பழைய ஓவியம் ஒன்று மிஞ்சியிருக்கும் பனமலைக் கோயிலும் இருக்கின்றன. வடக்கே செஞ்சிக் கோட்டை. 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இடம்பெற்றுவிட்டது. ராஜகிரி ஏற முழங்கால் பலம் வேண்டும். மாமியாரைக் கீழே கல்யாண மகால் பக்கம் நிழலில் உட்கார வைத்துவிட்டு ஏறுங்கள்.

மண்டகப்பட்டுக்குப் போகிறவர்கள் தண்ணீரும் குடையும் கொண்டுபோங்கள். விழுப்புரத்தை விட்டுக் கிளம்புமுன் மற்றக் காரியங்களை முடித்துக்கொள்வது உத்தமம். குகை அருகில் வசதி ஒன்றும் இல்லை. 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்று ஆணை வந்தது. ஆகவே டவுன் பஸ் கிடைத்த வழியில் எங்கள் வீட்டில் என் கணவருக்கும் பையனுக்கும் மட்டும்தான் செலவு. மாமியாருக்கு அதில் இருந்த சந்தோஷம் செஞ்சிக் கோட்டையைப் பார்த்ததில்கூட இல்லை.

குகைக்கு எதிரே நிழலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருத்தி எங்களிடம் பேச்சுக் கொடுத்தாள். "எந்த ஊரும்மா? பாண்டிக்கு வந்தவங்களா?"

ஆமாம் என்றேன். "நீங்க பாண்டிக்குப் போவீங்களா, பாட்டி?" என்று கேட்டேன்.

"போவாம? அவரு இருந்தப்ப பதினெட்டு நாள் இருந்தேன். ஜிப்மர்ல."

கடற்கரை பார்த்தீர்களா என்று அசட்டுத்தனமாக ஒரு கேள்வி கேட்டேன். பாட்டி சிரித்தாள். "ஆஸ்பத்திரித் தாழ்வாரம்தான் பாத்தேன். ரூமு எடுக்க நமக்கு ஏது? நாலு நாள் போயி, ஒருநா பஸ் ஏறி வந்து, ஆட்டுக்குத் தழை வெச்சுட்டு, மறுபடி காலைல ஓடுவேன். அவரு ஒருநா சொன்னாரு, 'நீ தூங்கிட்டு வா, உன் மொகத்தைப் பாத்தா எனக்குத்தான் பயமா இருக்கு'ன்னு."

கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று சுற்றுப்புறமெல்லாம் வருகிறது. நோயாளிக்குக் கட்டில் உண்டு. கூட இருக்கும் பெண்ணுக்குத் தரைதான். புதுச்சேரியில் குறைந்த வாடகைக்கு இடம் தேடுகிறவர்கள் என்றால் கடல் பார்க்கப் போகும் நாம் மட்டும்தான் என்று அதுவரையில் நினைத்திருந்தேன். உங்கள் வீட்டிலோ, உங்களிடம் வேலை செய்கிறவர் வீட்டிலோ அப்படி ஓர் அவசரம் வந்தால் இதைச் சொல்லுங்கள். ஊருக்குள் கடற்கரைப் பக்கம் அறை தேடவேண்டாம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவிலேயே காசு கரைந்துவிடும். கோரிமேட்டிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் தினவாடகைக்கு அறை விடும் லாட்ஜுகளும் வீடுகளும் உண்டு. வார்டில் முன்னமே நாலு நாளாக இருக்கும் பெண்களைக் கேட்டால் எந்த வீடு நல்ல வீடு, எந்த வீட்டில் கஞ்சி வைத்துக்கொள்ள அடுப்பு தருவார்கள் என்பது தெரிந்துவிடும். ஆஸ்பத்திரியில் மருத்துவ சமூக சேவகர் என்று இருப்பார்கள், அவர்களையும் கேட்கலாம். தனியாக ஓர் அறை எடுக்கக் கட்டாதவர்கள் ஒரே வார்டுப் பெண்களாக இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுத்துக்கொண்டு முறை வைத்துத் தூங்கலாம். ஒரு ராத்திரித் தூக்கம் எவ்வளவு விலை பெறும் என்பது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

பாட்டியிடம் விடை பெற்றுக்கொள்ளும்போது, "விழுப்புரத்துல ரூமுக்கு என்னம்மா வாடகை?" என்று கேட்டாள். சொன்னேன். அதுவரையில் அந்தத் தொகையை நினைத்து நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பாட்டி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஒரு ராவுக்கா? என்னாத்துக்கும்மா அத்தினி காசு? அடுத்த தபா வந்தா நம்ம வூட்டுத் திண்ணையில படுத்துக்கோ. காத்து நல்லா வரும். அந்தம்மாவுக்குக் கயித்துக் கட்டில் போட்டுத் தரேன்."

என் மாமியார் உடனே அவள் வீடு எந்தப் பக்கம் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.